ஒன்பதாவது ஆள்

பட்டியலில் எட்டுப் பெயர்.
தலைகள் ஒன்பது.
என்னையும் சேர்த்து எண்ணிவிட்டேனோ என்று
மறுபடி எண்ணினேன்.
என்னைச் சேர்த்தால் பத்து.

ஓவுலுவில் ஆகஸ்ட் கடைசி வியாழன்.
பிர்ச் மரங்களில் ஓரிரு கிளை மட்டும்
அவசரப்பட்டு மஞ்சளாகியிருந்தது.
இரண்டாம் வருடத்துக்காரி என்று
'வழிகாட்டி' எழுதிய சட்டை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள்.
முதல் வருடம் முழுக்க
ஆய்வகம் எதுவென்று தெரியாமல் அலைந்தவளுக்கு
இதைவிடப் பெரிய கிண்டல் கிடையாது.

எங்கள் கட்டடத்துக்கு அகலம் இல்லை, நீளம்தான்.
பனிக்காலத்தில் வெளியே தலை காட்டாமல்
ஒரு கிலோமீட்டர் நடந்துவிடலாம்.
நீலக் கதவு வேதியியல், சிவப்பு எங்களுடையது,
பச்சைக்குள் போனால் திரும்பி வருவது உங்கள் சாமர்த்தியம்
என்றேன். சிரித்தார்கள், மரியாதைக்கு.

இல்மரி செல்போனைப் பார்த்தபடியே போய்
நூலகக் கண்ணாடியில் முட்டிக்கொண்டான்.
ஹில்லாவுக்குப் பதினொரு மணிக்கு அழுகை வந்தது.
கழிவறைக்குப் போய் முடித்துக்கொண்டு
முகம் துடைத்து வந்தாள்.
ஒன்பதாவது ஆள் எழுதிக்கொண்டே வந்தான்.
பிரிண்டர் எண்ணை எழுதினான்.
மூன்றாம் மாடி மைக்ரோவேவ் வேலை செய்யாது என்பதை எழுதினான்.
சைக்கிளை எங்கே நிறுத்தினால் பனியில் புதையாது என்பதையும்
இரண்டு முறை கேட்டு எழுதினான்.
வேறு யாரும் பேனாவே எடுக்கவில்லை.

வியாழன் என்றால் பட்டாணி சூப்,
அப்புறம் ஜாம் தடவிய பான்கேக்.
இந்த நாட்டில் கோயிலை மறந்தவர்கள்கூட
அதை மறப்பதில்லை.
கல்லாவில் ரைலி ஒவ்வொருவராய் அட்டை கேட்டாள்.
எட்டுப் பேரும் தற்காலிகச் சீட்டை நீட்டினார்கள்.
பையில் இல்லாத ஒன்றைத் தேடுவதற்கு ஒரு முறை உண்டு:
மேல் பை, கீழ் பை,
மறுபடி மேல் பை.
பிறகு, சூப்பைப் பார்த்துச் சொல்வதுபோல,
"மற்றவர் விலையே போடுங்கள்" என்றான்.
மூன்று பங்கு.
சில்லறையாய் எண்ணிக் கொடுத்தான்.

என் அட்டை என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

தட்டுகளை வைக்கும் இடத்தில் தானாகவே சொன்னான்.
பெயர் ஓத்ஸோ.
பூதஸ்யார்வியிலிருந்து விடியற்காலைப் பஸ்.
நுழைவுத் தேர்வில் இரண்டு மதிப்பெண் போதவில்லை.
வீட்டில் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டானாம்,
அம்மா கேக் கூட வெட்டிவிட்டாளாம்.
"எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே
போன் பேசும்போது சரியாகச் சொல்ல முடியும்."

நான் அலுவலகத்தில் சொல்லியிருக்க வேண்டும்.
அல்லது அவனிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.
"மூன்று மணிக்கு ஓவரால் கொடுப்பார்கள்,
பார்த்துவிட்டுப் போ" என்றேன்.

நிலவியலுக்குக் கத்தரிப்பூ நிறம்.
எட்டு மடிப்பு, எட்டுப் பெயர்ச் சீட்டு.
எல்லோரும் ஜீன்ஸுக்கு மேலேயே மாட்டிக்கொண்டு
விண்வெளிக்குக் கிளம்புகிறவர்கள் மாதிரி ஆனார்கள்.
சட்டைக்கையில் ஒட்டுத்துணி தைக்கத் தெரியாமல்
ஹில்லா விரலைக் குத்திக்கொண்டாள்.
ஓத்ஸோ ஊசியை வாங்கினான்.
"நூல் வேண்டாம், பல் இடுக்குச் சுத்தம் செய்வோமே, அந்த இழை.
துவைத்தாலும் அறாது. அண்ணன் சொன்னான்."
சணல் மூட்டை தைப்பதுபோல் இழுத்து இழுத்துத் தைத்தான்.
கடைசி முடிச்சைப் பல்லால் கடித்தான்.
அவள், "நீ எந்தக் குழு?" என்றாள்.
"இதே குழுதான்" என்றேன் நான்.

ஐந்தே காலுக்கு அவன் பஸ்.
ஏறும்போது நோட்டை ஜாக்கெட்டுக்குள் போட்டு
ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.
அறிக்கைத் தாளில் 'பிரச்சினைகள்' என்று ஒரு கட்டம் இருந்தது.
மூன்றாம் மாடி மைக்ரோவேவ்
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இந்த வருடமும் சட்டை என்னிடமே வந்தது.
பட்டியலில் பதினொன்று.
ஓத்ஸோ என்று இருவர்,
இரண்டுமே வேறு முகம்.
தலைகளும் பதினொன்றுதான், இரண்டு முறை எண்ணினேன்.
இருந்தாலும் சாப்பாட்டு வரிசையில்
எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு
கடைசியாய் நின்றேன்,
அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக்
கையிலேயே வைத்துக்கொண்டு.